கிளிப்படம் போட்ட லேபிள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ரிட்டயர்டு ஆகி என்ன சார் பண்றீங்க?" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். "தீப்பெட்டி லேபிள் மாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றால் சிரிக்கிறார்கள். என் வீட்டம்மாவும் சிரித்தார், லேபிளை ஊறவைக்க நான் அவருடைய குழம்புச் சட்டியை எடுக்கும் வரைக்கும்.

தபால்தலை, நாணயம் போல இதையும் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நமக்கு இது உள்ளூர்ச் சரக்கு. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியதிலிருந்து, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, எத்தனை ஆயிரம் படங்கள் வந்துபோயிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. இப்போது அட்டைப் பெட்டியிலேயே படத்தை அச்சடித்துவிடுகிறார்கள். அதைப் பிரித்துத் தட்டையாக்கிச் சேர்க்க வேண்டும். மரப்பட்டையில் பெட்டி செய்த காலத்தில் லேபிளைத் தனியாக ஒட்டுவார்கள். சேர்ப்பவர்களுக்கு அதுதான் உயிர்.

நான் இதில் இறங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போன இடத்தில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் பழக்கமானார். லேத் பட்டறை வைத்திருக்கிறார். என் மகன் வயதுதான் இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் அவர் வாத்தியார், நான் ஒன்றாம் வகுப்பு.

அவர் சொன்ன முதல் பாடம்: புதிதாக வந்தவர்தான் முதலில் அனுப்ப வேண்டும். பழைய ஆளுக்கு நாலு பேரிடம் பெயர் இருக்கிறது, ஏமாற்றினால் அந்தப் பெயர் போய்விடும். புதியவருக்கு இழக்க ஒன்றுமில்லை. அதனால் அவர் முதலில் அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். முப்பத்துநாலு வருடம் வாத்தியாராக இருந்தவனிடம் இதைச் சொன்னால் முதலில் சுருக்கென்றுதான் இருக்கும். யோசித்தால் நியாயம்தான். கிழிசல், கறை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விலை பேசக் கூடாது, லேபிளுக்கு லேபிள்தான். மேலே ஒன்றிரண்டு கொசுறு வைத்தால் மரியாதை.

நான் செய்த கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று இருபது லேபிளை லேமினேஷன் செய்து அனுப்பினேன். "சார், இது இனிமே லேபிள் இல்ல, ஐ.டி. கார்டு" என்றார் தம்பி. இன்னொரு முறை குச்சியோடு முழுப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய்விட்டேன். உள்ளே என்ன என்று கேட்ட அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே! தீப்பற்றும் பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பியிடம் ஒரு ஜப்பான் லேபிள் இருந்தது. யானைப் படம். ஒரு காலத்தில் ஜப்பான் தீப்பெட்டிகள் நம் நாட்டுக்குக் கப்பலில் வந்தன. இங்கே விற்க வேண்டுமே என்று நம் சாமிகளையும் யானையையும் அவர்களே அச்சடித்து அனுப்பினார்கள். அதன்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஈடாகக் கொடுக்க என்னிடம் இருந்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். சாத்தூர்ப் பக்கம் கொஞ்ச காலமே நடந்த ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீசின் லேபிள். கிளிப்படம், ஒட்டாத புதுத்தாள். நான் புதியவன் ஆயிற்றே, இன்னும் பன்னிரண்டு லேபிளோடு அதையும் முதலில் அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் தம்பி போன் செய்தார். "சார், கிளிக்குப் பின்னால பென்சில்ல கோடு கோடா போட்டிருக்கே, என்ன கணக்கு?"

சொன்னேன். 1984இல் நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். விடியற்காலை நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். என் வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள். பத்து பத்தாகக் கட்டி எண்ணப் பழக ஏதாவது கொண்டுவாருங்கள் என்று ஒருநாள் சொன்னேன். எல்லோரும் புளியங்கொட்டை கொண்டுவந்தார்கள். ஒரு பெண் மட்டும் லேபிள் கட்டு கொண்டுவந்தாள். பின்னால் இருந்த கோடுகள், அவள் ஒட்டிய பெட்டிகளின் குரோஸ் கணக்கு. கணக்குப்பிள்ளை குறைத்து எழுதிவிடுவாராம், அதனால் அவளே தனியாகக் குறித்து வைத்தாள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாது. ஆனால் பன்னிரண்டு பன்னிரண்டு எவ்வளவு என்றால் நூற்று நாற்பத்துநாலு என்று பட்டென்று சொல்வாள்.

தம்பியிடம் இவ்வளவுதான் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் நீக்க வேண்டும் என்றார்கள். சிவப்பு மையால் அவள் பெயரின் மேல் கோடு போட்டவன் நான்தான். அதே வருடம், 1986இல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழில் அதன் தடைப் பட்டியலில் இருந்தது. பஸ் நின்றதா என்றால், நான் மாற்றலாகிப் போகும் வரை ஹாரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் வீட்டுக்கு ஒருமுறையாவது போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காலையில் தம்பிக்கு போன் செய்து, அந்த ஒன்றை மட்டும் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பியதைத் திருப்பிக் கேட்பது இந்த வட்டத்தில் பெரிய தப்பு, அதுவும் புதிய ஆள். "பார்க்கிறேன் சார்" என்று வைத்துவிட்டார். பத்து நாள் சத்தமே இல்லை. என் பெயரின் மேலும் கோடு விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பதினோராம் நாள் கவர் வந்தது. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில், பிளாஸ்டிக் உறையில் கிளி. என்னுடைய மற்ற பன்னிரண்டுக்கு ஈடாகப் பன்னிரண்டு, கொசுறாக இரண்டு. யானையை அனுப்பவில்லை. அதுதான் முறை. துண்டுத்தாளில், "லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க சார்" என்று எழுதியிருந்தார்.

கிளி இப்போது ஆல்பத்தில் இல்லை, என் பீரோவில் இருக்கிறது. அவளுக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். நாற்பது வருடம் கழித்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மரப்பட்டைத் தீப்பெட்டி கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.