கிளாஸ்கோ மடல்: சுவருக்குள் ஓர் அலமாரி

வந்த புதிதில் ஒருநாள், கீழ்வீட்டுப் பாட்டி, "சர்க்கரை பிரஸ்ல இருக்கு, எடுத்துக்கோம்மா" என்கிற பாவனையில் கையைக் காட்டினார். அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிரஸ் என்று எதுவும் கண்ணில் படவில்லை. அவரே எழுந்து வந்து, சுவரோடு சுவராக வெள்ளையடித்திருந்த கதவொன்றைத் திறந்தார். கல்சுவரின் கனத்துக்குள்ளேயே பலகைத் தட்டுகள் அடித்த அலமாரி! அதுதான் பிரஸ்.

மரத்தில் செய்து நிறுத்திய அலமாரிக்கு ஸ்காட்ஸ் மொழியில் பழைய பெயர் ஒன்று உண்டு: ஆம்ரி. லத்தீன் 'அர்மாரியும்' பிரெஞ்சு வழியாக இங்கே வந்து ஆம்ரி ஆயிற்று. போர்த்துகீசியரோடு கப்பலேறி நம் பக்கம் வந்தது அலமாரி ஆயிற்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் பிள்ளை இன்னும் வீடுவீடாகப் புழங்குகிறது. இங்குள்ளதை அகராதியில்தான் தேட வேண்டும். 1931இல் தொடங்கி 1976இல் முடிந்த ஸ்காட்டிஷ் நேஷனல் டிக்‌ஷனரியின் 10 தொகுதிகள் இல்லாவிட்டால் இப்படி எத்தனை சொற்கள் மண்ணோடு போயிருக்கும்!

பிரஸ் பிழைத்ததற்குக் காரணம், அதைச் சுவரிலிருந்து பெயர்க்க முடியாது என்பதுதான் என்று நினைக்கிறேன். ஜன்னலோரக் கழுவுதொட்டிக்கு 'ஜாபாக்ஸ்' என்று பெயர். 'ஜா' என்றால் தண்ணீரைக் கொட்டுவது. பழைய தொட்டியைக் கழற்றி எவர்சில்வர் தொட்டி வைத்தார்கள். பெயரும் கூடவே கழன்றுகொண்டது.

பாட்டியின் கட்டிலுக்குக் கீழே ஒரு கிஸ்ட் இருக்கிறது. பெரிய மரப்பெட்டி. கல்யாணத்துக்கு முன்பே பெண்கள் விரிப்பும் துண்டுமாகச் சேர்த்து நிரப்பி வைப்பது அதில்தான். சவப்பெட்டிக்கும் கிஸ்ட் என்றே பெயர். இறந்தவரை அதில் கிடத்தும் சடங்கு 'கிஸ்ட்டிங்'. போன வாரம் பாட்டி எனக்காகத் தன் கிஸ்ட்டைத் திறந்தார். அந்துருண்டை வாசனை. உள்ளே ஒரு பக்க ஓரமாக, ஒரு சாண் அகலத்தில் மூடி போட்ட குட்டி அறை. "ஷாட்டில்" என்றார், மூடியைத் தூக்கியபடி. நூற்கண்டு, இரண்டு பித்தான், ஒரு குழந்தையின் கம்பளிக் காலுறை.

"உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

அம்மாவின் மரப்பெட்டியிலும் இதே இடத்தில் இதே மாதிரி ஓர் அறை இருந்தது. சில்லறையும் தாலிச்சரடுக்கு மஞ்சளும் அதில்தான் வைப்பாள். ராத்திரியே அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் பெயர் நினைவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்; பாட்டிக்குச் சொல்ல வேண்டும்.