சீனக்குடாவும் செட்டை முளைத்த காரும்

திருக்கோணமலைக்கு வருவோர் முதலிற் கோணேசர் சந்நிதிக்கே செல்வர். அதுவே முறையுமாம். பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் அச்சமின்றித் திரியும் நிழல் வழியே மேலேறிச் சுவாமிமலையின் உச்சியில் நின்று நோக்கினால், கீழே கடல் கருநீலமாய் ஆழ்ந்து கிடக்கும். ஆயினும் அங்கே நாம் காண்பது வெளிக்கடல். இவ்வூருக்குப் பெருமையையும் துன்பத்தையும் ஒருங்கே கொண்டுவந்தது நகரின் மறுபுறத்தே, குன்றுகளுக்கிடையில் மறைந்து கிடக்கும் உட்துறைமுகமாகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என நான்கு நாட்டார் மாறிமாறிக் கண் வைத்ததும் அதன்மீதுதான்.

துறைமுகத்தைச் சுற்றிச் செல்லும் வீதியிற் சில மைல் போனால் சீனக்குடா வரும். காட்டு மரங்களிடையே பெரிய உருக்குத் தாங்கிகள் வரிசை வரிசையாகத் தென்படும். போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய காலத்தில், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பிரித்தானியக் கடற்படைக்கென அமைக்கப்பட்ட எண்ணெய்க் குதங்கள் இவை. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர் கொள்ளத்தக்கது.

சென்ற ஆண்டு எம் மாணவர் சிலரைக் கல்விச் சுற்றுலாவாக இவ்வழியே அழைத்துச் சென்றேன். வீதியோரத்தில் நின்று குதங்களைக் காட்டிக்கொண்டிருக்கையில், கார்ப் பித்துக் கொண்ட மாணவனொருவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை நீட்டினான்.

"சேர், இந்தக் காருக்கு ஏன் செட்டை முளைத்திருக்கிறது?"

படத்திலிருந்தது 1959ஆம் ஆண்டின் கடிலாக். எங்கள் பேச்சிலே பறவைக்கும் செட்டை, மீனுக்கும் செட்டை. அந்தக் காரின் பின்புறத்தைப் பார்த்தால் அவன் எதைக் கருதிக் கேட்டான் என்று சொல்ல இயலாது. இரண்டுமே பொருந்தும். அவனுக்குச் சொன்ன மறுமொழி அந்தக் குதங்களிலேயே வந்து முடிந்தமையால் அதனை இங்கும் எழுதுகின்றேன்.

கடிலாக் நிறுவனம் 1902இல் ஹென்றி லீலண்ட் என்பவரால் அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரிலே தொடங்கப்பெற்றது. 1701இல் அந்நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரே காருக்கும் வாய்த்தது. 1908இல் இங்கிலாந்துக்கு மூன்று கார்களைக் கொண்டுபோய், அவற்றை அக்கக்காகக் கழற்றி, உறுப்புகளை ஒன்றோடொன்று கலந்து, பின்னர் மீளப் பூட்டினார்கள். மூன்றும் ஐந்நூறு மைல் பழுதின்றி ஓடின. ஓர் உறுப்பு எந்த வண்டிக்கும் பொருந்துமாறு அத்துணை நுட்பமாகச் செய்திருந்தார்கள். கையாற் சுழற்றாமல் மின்சாரத்தாலே இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் கருவியை 1912இல் தம் கார்களிற் பொருத்தியவரும் அவர்களே. 1909இலேயே அந்நிறுவனம் ஜெனரல் மோட்டோர்ஸின் உடைமையாகிவிட்டது. என் மட்டில் கடிலாக்கின் மெய்யான புகழ் இக்காலத்தது. பின்னாளிற் காருக்கு மணம் பேசியவர்கள் பொறியியலாரல்லர், ஒப்பனையாளர்.

அவ்வொப்பனையாளருள் தலையாயவர் ஹார்லி ஏர்ல். களிமண்ணிற் காரை வனைந்து உருவம் பார்க்கும் வழக்கத்தைப் பெரிய நிறுவனத்திலே நிலைநாட்டியவர் அவர். 1941இல் அவரும் அவர்தம் குழுவினரும் டெட்ரோயிற்றுக்கு அண்மையிலுள்ள படைத்தளமொன்றில் பி-38 என்னும் புதிய போர்விமானத்தைக் கண்டனர். ஈருடலும் இரட்டை வாலும் உடைய விந்தையான விமானம் அது. அந்த வால்கள் அவர்கள் உள்ளத்தை விட்டகலவில்லை. 1942 பெப்ரவரியிற் கார் உற்பத்தி போரின் பொருட்டு நிறுத்தப்பட்டது. போர் ஓய்ந்தபின், 1948ஆம் ஆண்டுக் கடிலாக்கின் பின்புறத்தில் இரு சிறு செட்டைகள் எழுந்தன. அவற்றிற் சிவப்பு விளக்குகளைப் பதித்தனர். இடப்பக்க விளக்கை மேலே தூக்கினால் பெற்றோல் ஊற்றும் வாய் ஒளிந்திருக்கும்!

விமானத்துக்கு அந்த வால் அணியன்று. காற்றிலே நேராகச் செலுத்துவது அதுவே. தெருவில் ஓடும் காருக்கு அதனால் ஆகும் பயன் ஏதுமில்லை. எனினும் மக்கள் விரும்பினர். பிற நிறுவனங்கள் போட்டியிட்டன. ஆண்டுதோறும் செட்டை உயர்ந்தது. 1959இல் உச்சத்தை எட்டியது. அப்போது கார் பதினெட்டரை அடிக்குமேல் நீளம், இரண்டு தொன்னுக்குமேல் எடை, 6.4 லீற்றர் இயந்திரம், 325 குதிரைவலு. செட்டைக்கு இரண்டாக, எறிகணை போன்ற விளக்குகள் கூர்ந்து நின்றன. மறு ஆண்டே உயரம் குறையலாயிற்று. 1965ஆம் ஆண்டு மாதிரியிற் செட்டையே இல்லை.

கார் உற்பத்தி நின்று இரண்டு மாதங்கள் கழிந்து, 1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலையில், நகுமோவின் தலைமையில் வந்த யப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கின. முன்னாள் இரவே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தனர். முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீனக்குடாவில் ஒரு யப்பானிய விமானம் எண்ணெய்க் குதமொன்றின்மீதே வீழ்ந்தது. தீ நாட்கணக்காக எரிந்தது. அக்குதத்தின் உருக்குச் சிதைவு இன்றும் அங்கே கிடக்கின்றது.

அந்நாளில் யப்பானியக் கூட்டுக் கப்பற்படை முழுவதற்கும் தலைவர் யமமோட்டோ. ஓராண்டு கழித்து, 1943 ஏப்ரல் 18இல், அவர் சென்ற விமானத்தைப் பசிபிக் தீவொன்றின் மேலே சுட்டு வீழ்த்தியவை பி-38 விமானங்களே. கடிலாக்கின் வாலுக்கு முன்மாதிரியான அதே விமானம்! மாணவர் இதை நம்பத் தயங்கினர். நாட்களைச் சொன்ன பின்னரே ஏற்றுக்கொண்டனர்.

1944இல் சரட்டோகா என்னும் அமெரிக்க விமானந்தாங்கி இத்துறைமுகத்துக்கு வந்து, பிரித்தானியக் கப்பல்களுடன் கூடிச் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங்கைத் தாக்கச் சென்றது. அதிலிருந்த விமான வகைகளுள் ஒன்று அவெஞ்சர். அவ்வகை விமானங்களிற் பெரும்பாலானவற்றைக் கட்டிக் கொடுத்தது கடிலாக்கின் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டோர்ஸ்தான். கார் செய்த கைகள் விமானம் செய்தன. பின்னர் விமானத்தின் நினைவைக் காரிலே ஒட்டின.

பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்தளத்தை ஒப்படைத்துச் சென்றது. செட்டைகள் உச்சத்தை எட்டிய 1959இல், எண்ணெய் நிரப்பக் காத்திருந்த பெருங் கடற்படையொன்று இங்கே இருக்கவில்லை. குதங்களிற் பல பற்றைக் காட்டுள் அமிழ்ந்தன. நெடுநாட் பேச்சுக்குப் பின் 2022 ஜனவரியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. 61 இருவரும் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு. மையுலர்ந்த சில மாதங்களிலே நாடெங்கும் பெற்றோலுக்கு மக்கள் இரவு பகலாய் வரிசையில் நின்றனர். நூறு கோடி லீற்றருக்கு மேற் கொள்ளக்கூடிய குதங்கள் உள்ள இவ்வூரிலும் நின்றனர். குதம் இருந்தென்ன, நிரப்பப் பணமில்லை. அவ்வாண்டு கொண்டுவந்த பங்கீட்டு முறையிற் காருக்கு வாரம் இருபது லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு நான்கு.

1959ஆம் ஆண்டுக் கடிலாக் ஒரு லீற்றரில் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் ஓடும். இருபது லீற்றரோடு திருக்கோணமலையிற் புறப்பட்டால் ஹபரணைச் சந்திக்குச் சற்று முன்னரே நின்றுவிடும். இதைக் கேட்டதும் படம் காட்டிய மாணவன் சிரித்தான். அந்நாட்களில் தகப்பனாரின் மோட்டார்ச் சைக்கிளை வரிசையில் விட்டு இரவு முழுவதும் அருகே உறங்கியவன் அவன்.

"அப்போ எங்கட நாலு லீற்றரை ஊற்றினால், இது இங்கேயிருந்து கோணேசர் கோயிலுக்குப் போகுமா, சேர்?"

வீதியோரத்திலேயே கணக்குப் பார்த்தோம். போகும், திரும்பி வராது.