சக்கரங்களின் மேல் ஒரு வீடு

வீடு என்றால் நிலைத்து நிற்பது என்பதே நம் எண்ணம். பத்திரப் பதிவு அலுவலகத்திலும் அதை அசையாச் சொத்து என்றே எழுதுகிறார்கள். அந்த அசையாச் சொத்து சக்கரங்களின் மேல் ஏறி அமர்ந்து, ஊர் ஊராகப் புறப்பட்டால் எப்படியிருக்கும்? கடந்த மே மாதத்தில் பிரான்சு நாட்டில் அத்தகைய வீடொன்றில் சில நாள் குடியிருக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது.

எங்கள் அக்காளும் அத்தானும் புதுச்சேரியிலிருந்து சென்று நாற்பது ஆண்டுகளாகப் பாரிசின் தெற்குப் புறநகர் ஒன்றில் வாழ்பவர்கள். அத்தான் பணி ஓய்வு பெற்றதும், குடியிருப்பை ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுவண்டியில் நாட்டைச் சுற்றிவர இருவரும் முடிவு செய்தார்கள். ‘காம்பிங்-கார்’ என்று அங்கே அதற்குப் பெயர். மே 24-ஆம் நாள் தென் கடற்கரையில் நடைபெறும் திருப்பயணம்வரை எங்களையும் உடன் வரும்படி அழைத்திருந்தார்கள்.

வாசலில் நின்ற அந்த வண்டியைக் கண்டு நாங்கள் திகைத்துப் போனோம். ஆறு மீட்டர் நீளம், பதினோராண்டுப் பழையது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு குளிர்ப்பெட்டி, கை நீட்டினால் இரு சுவரையும் தொடும் குளியலறை, நால்வர் படுக்க இடம். “இதில் ஓராண்டா?” என்று கேட்டோம். “இதில் வாழ்வது எளிது தம்பி, இதைப் புறப்பட வைப்பதுதான் கடினம்” என்றார் அத்தான். அதன் பொருள் விளங்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சென்ற இலையுதிர் காலத்தில் வண்டியை வாங்கியது முதல் அவர் சும்மா இருக்கவில்லையாம். குளிர்காலம் வருமுன் தொட்டியிலும் குழாய்களிலும் இருந்த நீர் முழுவதையும் வடித்துவிட்டார். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. மூடிய குழாய்க்குள் அது பெருகினால் குழாய் வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பின் ஏணியிட்டுக் கூரைமேல் ஏறி, பலகணிகளின் ஓரங்களையும் தகடுகள் சேரும் மூட்டுகளையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இவ்வண்டிகளின் பெரும் பகைவன் விபத்தன்று, ஈரமே. மயிரிழை போன்ற பிளவு வழியே கசியும் மழைநீர், சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை வெளியே தெரியாமல் உளுக்கச் செய்துவிடும். ஓரிடத்தில் பூச்சு உலர்ந்து வெடித்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதுப் பூச்சிட அவருக்கு இரண்டு நாள் பிடித்ததாம்.

தண்ணீர் விஷயத்தில் இவ்வீட்டுக்கு மூன்று கலங்கள். நல்ல நீருக்கு ஒரு தொட்டி. பாத்திரம் கழுவிய நீருக்கும் குளித்த நீருக்கும் மற்றொன்று. கழிப்பறைக்கு இழுத்தெடுக்கும் பெட்டி ஒன்று. இவற்றைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென நகராட்சிகள் பலவும் நிலையங்கள் அமைத்துள்ளன. அங்கேதான் கழிவைக் கொட்டி, நல்ல நீர் பிடிக்க வேண்டும். கழிவுப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் பணியை அத்தான் தமக்கென்றே வைத்துக்கொண்டார். நாற்பதாண்டு இல்லறத்தில் வீட்டுக் கழிப்பறையைத் தாம் ஒருமுறையும் கழுவியதில்லை என்றும், அதற்கு இதுவே பரிகாரம் என்றும் சொல்லிச் சிரித்தார்.

எரிவாயுவைப் பற்றி அவர் சொன்னவை இங்குள்ள குடும்பங்களுக்கும் பயன்படும். அங்கே பூட்டேன், புரொப்பேன் என இருவகை உருளைகள் கிடைக்கின்றன. குளிர் பூச்சியம் பாகைக்குக் கீழ் இறங்கினால் பூட்டேன் ஆவியாகாது, அடுப்பு எரியாது. ஆகவே குளிர்காலத்துக்குப் புரொப்பேனே ஏற்றது. இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். எனவே உருளை வைக்கும் பெட்டியின் அடியில் துளைகள் விட்டிருக்கிறார்கள். இரவில் குளிர் ஏறுகிறதென்று அக்காள் காற்றுத்துளை ஒன்றில் துணியைச் செருகியபோது, அத்தான் பதறிப்போய் அதை உருவி எறிந்தார். காற்றோட்டமற்ற அறையில் நெருப்பெரிந்தால் உண்டாகும் நச்சுவாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்குபவர் உறங்கியபடியே போய்விடுவர். ரப்பர்க் குழாயில் அச்சிட்டிருந்த ஆண்டையும் அவர் காட்டினார். அந்த ஆண்டு கடந்தால் குழாய் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் மாற்றிவிட வேண்டுமாம். நம் வீட்டு அடுப்புக் குழாயில் என்ன எழுதியிருக்கிறதென்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்?

டயர்களின் கதையும் அதுவே. அவற்றின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உள்ளன. முதல் இரண்டு செய்த வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். எங்கள் வண்டியின் பின்சக்கரங்களில் ‘2314’ என்றிருந்தது. அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பள்ளங்கள் தேயவில்லை; புதியவை போலவே தோன்றின. ஆயினும், நின்றபடியே பாரம் சுமந்து, வெயிலிலும் குளிரிலும் காய்ந்த ரப்பர் உள்ளுக்குள் இறுகி வெடிக்கத் தொடங்கும் என்று கூறி, புறப்பாட்டை இரண்டு நாள் தள்ளிவைத்து நான்கையும் மாற்றினார். திருப்பயணம் தவறிவிடுமோ என்று நாங்கள் முணுமுணுத்தோம். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதன்பின் வந்தது எடை. அங்கே சாதாரண ஓட்டுநர் உரிமம் கொண்டு ஓட்டத்தக்க வண்டி, சுமையோடு சேர்த்து 3,500 கிலோவுக்கு மேற்படலாகாது. மிகுந்தால் தண்டனை மட்டுமல்ல. நிறுத்த மிதிக்கும்போது வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. புறப்படுவதற்கு முந்திய நாள், நால்வரும் ஏறி அமர்ந்து, லாரிகளை எடைபோடும் மேடைக்குச் சென்றோம். சீட்டில் 3,640 என்று வந்தது. நூற்று நாற்பது கிலோ மிகுதி!

மேடையோரத்தில் வண்டியை நிறுத்தி, அத்தான் தாளும் பென்சிலுமாக அமர்ந்தார். நூறு லிட்டர் தொட்டி நிறைந்திருந்தது. நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. நாற்பது லிட்டர் போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம், அறுபது குறைந்தது. அரிசி மூட்டையில் இருபது குறைத்தார். நூல்கள், பாத்திரங்கள், மடக்கு நாற்காலிகள் இருபத்து நான்கு. பின்பு சற்றுத் தயங்கி, இருக்கைக்கடியில் துணி சுற்றி வைத்திருந்த பொருளைச் சுட்டினார். அது எங்கள் அம்மாவின் அம்மியும் குழவியும்.

அக்காள் மணமாகிப் பிரான்சுக்குப் புறப்பட்டபோது, சாமான்களோடு கப்பலில் ஏற்றி அம்மா அனுப்பிவைத்த அம்மி அது. எடை இருபத்திரண்டு கிலோ. அம்மா மறைந்து அப்போது எட்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. பயணத்தாள் சிக்கலால் அடக்கத்துக்கு அக்காளால் வந்துசேர முடியவில்லை.

“உங்கள் மிதிவண்டிகளுக்கு இடமுண்டு, என் அம்மாவின் அம்மிக்கு மட்டும் இடமில்லையா?” என்று கேட்டுவிட்டு அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றோம். அத்தான் மறுமொழி கூறவில்லை. வண்டியின் பின்புறம் சென்று, ஓராண்டாக ஆசையோடு பூட்டிப் பேணிய இரண்டு மிதிவண்டிகளையும் கழற்றத் தொடங்கினார். அவை முப்பத்து நான்கு கிலோ. கூட்டிப் பார்த்தால் நூற்று முப்பத்தெட்டு. இன்னும் இரண்டு கிலோ மிகுதி. “இரண்டு கிலோதானே, வேறெதையாவது விட்டுவிடுவோம், அம்மி வரட்டும்” என்றார்.

அக்காள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாமே உள்ளே ஏறி, அம்மியைத் தூக்க முயன்று, முடியாமல், “தம்பி, ஒரு கை கொடு” என்றார்கள். “வண்டி அவசரமாக நிற்க வேண்டிய நேரத்தில் இது யார் தலையில் வந்து விழும்? அம்மா இருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.” அவ்வளவே சொன்னார்கள். மாலையில் எல்லாவற்றையும் மகன் வீட்டில் இறக்கிவிட்டு மீண்டும் எடை பார்த்தோம்: 3,480.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஓர் அட்டை தொங்கியது. எரிவாயு அடைத்தாயிற்றா? கூரைத் திறப்புகள் மூடியாயிற்றா? படிக்கட்டு மடக்கியாயிற்றா? அலமாரிகள் தாழிட்டாயிற்றா? உயரம் 2.95 மீட்டர், நினைவிருக்கிறதா? அக்காள் உரக்க வாசிக்க, அத்தான் ஒவ்வொன்றையும் நேரில் தொட்டுப் பார்த்து ‘ஆயிற்று’ என்றார். தொடாமல் ‘ஆயிற்று’ சொல்லக்கூடாதென்பது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அது முடிந்து சிலுவை அடையாளம் வரைந்த பின்னரே சாவி திரும்பியது.

லியோன் நகரைக் கடந்து, ரோன் ஆற்றின் போக்கிலேயே தெற்கு நோக்கிச் சென்றோம். இரவு ஒரு சிற்றூர் நிறுத்துமிடத்தில் தங்கினோம். நிறுத்தியதும் சக்கரங்களின் கீழ் ஆப்புகள் வைத்து வண்டியைச் சமப்படுத்த வேண்டும். சாய்ந்து நின்றால் எரிவாயுவில் இயங்கும் அந்தக் குளிர்ப்பெட்டி சரிவரக் குளிராது. விளக்குக்கென இருந்த பாட்டரியைப் பாதிக்குமேல் இறங்கவிடலாகாதென்று ஒன்பது மணிக்கே அணைத்தோம். இருளில் பேசிக்கொண்டு படுத்திருந்தபோது, அம்மாவின் இறுதி நாட்களைப் பற்றி அக்காள் முதன்முறையாக எங்களிடம் கேட்டார்கள். தொலைபேசியில் எட்டு மாதங்களாகக் கேளாத கேள்விகள் அவை. அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னோம்.

மறுநாள் அவிஞ்ஞோன், ஆர்ல் நகரங்களைத் தாண்டி, ரோன் ஆறு கடலில் கலக்கும் கமார்க் சமவெளியில் இறங்கினோம். சதுப்பு நிலம், வெண்குதிரைகள், கருங்காளைகள். இடையிடையே, நம் கண்களை நம்ப முடியவில்லை, நெல் வயல்கள்! பிரான்சில் நெல் விளையும் முதன்மையான பகுதி இதுவே. அதன் கோடியில் கடலை ஒட்டி நிற்கிறது ‘செந்த் மரி தெ லா மேர்’, அதாவது கடலோரப் புனித மரியாக்கள் என்னும் ஊர். கோட்டை போன்ற பழைய ஆலயம். யாக்கோபின் மரியாளும் சலோமி மரியாளும் பாயும் துடுப்பும் இல்லாத படகில் இங்கே வந்து கரையேறினர் என்பது மரபு. “அவர்கள் எடை பார்த்து ஏறினார்களா?” என்றார்கள் அக்காள். எடைமேடைக்குப் பின் அவர்கள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

நிலவறைக் கோவிலில் கருநிறப் புனித சாராவின் சுரூபம் இருக்கிறது. ரோமா எனப்படும் நாடோடி மக்கள் தங்கள் பாதுகாவலியாகப் போற்றுவது இவரையே. ஆண்டுதோறும் மே 24-இல் அவர்கள் வண்டிகளோடு திரண்டு வந்து, அச்சுரூபத்தைத் தோள்மீது சுமந்து கடலுக்குள் இறங்குகிறார்கள். கடலுக்குச் செல்லும் இவ்வழக்கம் 1935-இல் தொடங்கியது. இவர்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள். தண்ணீரைப் ‘பானி’ என்றும் மூக்கை ‘நக்’ என்றும் சொல்லும் அவர்களது மொழியே அதற்குச் சான்று. அவ்வினத்தைச் சேர்ந்த செஃபெரினோ ஹிமேனஸ் மாயா என்னும் குதிரை வணிகர், 1936-இல் ஸ்பெயினில் கொல்லப்பட்டார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் வரிசையில் சேர்த்தார்.

எங்கள் பக்கத்து வண்டியில் அம்மக்களுள் ஒரு முதியவர் இருந்தார். எங்கள் முகங்களைப் பார்க்குமுன் எங்கள் டயர்களைப் பார்த்தார். குனிந்து இலக்கத்தைப் படித்து, மெச்சும் பாவனையில் தலையசைத்தார். பின்பு வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். வடக்கிலிருந்து ‘மிஸ்ட்ரால்’ காற்று வருகிறதாம்; வண்டி பக்கவாட்டில் காற்றை வாங்கும்படி நிற்கிறதாம்; மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்புங்கள் என்றார். திருப்பினோம். அன்றிரவு வீசிய காற்றில் எங்கள் வண்டி ஆடியது, அவ்வளவே. வேறு இரு வண்டிகளின் பக்கப் பந்தல்கள் கிழிந்து பறந்ததைக் காலையில் கண்டோம்.

24-ஆம் நாள், மணலில் வெறுங்காலோடு நின்று, சாராவின் சுரூபம் அலைகளைத் தொடுவதைப் பார்த்தோம். அக்காள் குனிந்து கடல்நீரைக் கையில் ஏந்தி, கண்களை மூடி நின்றார்கள். என்ன செபித்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதன்பின் அவர்கள் மேற்கு நோக்கிப் போனார்கள். நாங்கள் தொடர்வண்டியில் பாரிஸ் திரும்பினோம். மகன் வீட்டு நிலவறையில் அம்மி கிடப்பது அக்காளுக்குப் பொறுக்கவில்லை என்பதை அறிந்திருந்தோம். எங்கள் விமானச் சீட்டில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ அனுமதி. வாங்கிய பொருள்களை மற்றொரு பெட்டியில் அடைத்து, அம்மிக்கென்றே ஒரு பெட்டியை ஒதுக்கினோம். சுங்கத்தில் திறக்கச் சொன்ன அதிகாரி, கல்லைக் கண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

இப்போது அது எங்கள் அடுக்களையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் அக்காள் தொலைபேசியில் அழைக்கிறார்கள். மழை, பாதை, டயரின் காற்று எல்லாம் சொல்லி முடித்து, “அம்மி நலமா?” என்று கேட்கிறார்கள். “இன்றைக்கும் அரைத்தோம்” என்கிறோம். எரிவாயுக் குழாயில் எழுதியிருந்த ஆண்டையும் பார்த்து, அதை மாற்றிவிட்டோம்.