புகை ஏறிய வழி

பெருங்களத்தூர் அடுக்குமாடி வழக்கில் யாரும் உயிரிழக்கவில்லை. ஸ்டில்ட் பார்க்கிங்கில் இருந்த மெயின் மின்பேனல் ஒரு விடியற்காலையில் தீப்பிடித்தது. காவலாளி சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அடித்தார். தாம்பரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது நெருப்பு ஏறக்குறைய அடங்கிவிட்டிருந்தது. ஆனால் எட்டாவது மாடியில் இருந்த ஒரு வயதான அம்மாவை மூச்சுத்திணறலோடு குரோம்பேட்டை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

என்னிடம் வந்த சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். கட்டுக்கட்டாகக் காகிதங்களை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “தீ கீழே பிடிச்சுது சார். படிக்கட்டுக் கதவு எல்லாம் மூடித்தான் இருந்துச்சு. எட்டாவது மாடிக்குப் புகை எப்படி சார் போச்சு?” அந்த ஒரு கேள்வியின் மேல்தான் வழக்கு முழுவதும் நின்றது.

பில்டரின் பதில் நோட்டீஸ் திடமாகவே இருந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, கட்டட நிறைவுச் சான்று இரண்டும் கையில் இருக்கின்றன. குடியிருப்போர் அனுமதியில்லாமல் மின்வண்டி சார்ஜர்களை மாட்டி லோடு ஏற்றியதால்தான் பேனல் எரிந்தது. ஆகவே தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள்.

பேனல் ஏன் எரிந்தது என்ற விவாதத்துக்குள் நான் போகவே இல்லை. எனக்கு வழி காட்டியது உப்ஹார் வழக்கு. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கின் தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த மின்மாற்றியில் தீ மூண்டது. புகை படிக்கட்டு வழியாக மேலேறி அரங்குக்குள் புகுந்தது. பால்கனியில் வெளியேறும் வழி அடைபட்டிருந்ததால் 59 பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். மின்மாற்றி எங்களுடையது அல்ல என்பது உரிமையாளர்கள் தரப்பின் முக்கிய வாதம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவுக்கு உடனடிக் காரணம் மின்மாற்றித் தீ அல்ல, வெளியேற முடியாதபடி வழியை அடைத்ததுதான் என்றது. தீ மூட்டியவர் யாராக இருந்தாலும், அது ஆளைக் கொல்லும் இடம்வரை போக வழிவிட்டவர் தனியே பதில் சொல்ல வேண்டும். எங்கள் வழக்குக்கு இந்த அடிப்படை போதுமானதாக இருந்தது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவில் மனு போட்டோம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ சேவை வசதிகளிலோ குறை என்று எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது பில்டரின் கடமை என்கிறது அந்தப் பிரிவு. குறை இருக்கிறது என்று காட்டுவது மட்டும்தான் எங்கள் பாரம். ஒழுங்குமுறை ஆணையம் ஒரு பொறியாளரை ஆய்வுக்கு அனுப்பியது.

அந்த ஆய்வு இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டாவது மாடியில், கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறிச்செல்லும் மின்சார ஷாஃப்ட்டின் கதவைத் திறந்து, பொறியாளர் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி உள்ளே நீட்டினார். புகை சற்றுச் சாய்ந்து, பிறகு நேராக மேலே இழுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் ஆறாவது மாடி ஷாஃப்ட் கதவருகே நின்றிருந்த செயலாளர் போனில், “வாசனை வருது சார்” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒவ்வொரு தளத்திலும் கேபிள் டிரே ஸ்லாபைத் துளைத்துச் செல்லும் இடத்தில் இரண்டு கை நுழையும் அளவுக்குத் திறப்பு. மூன்றாவது தளத்தில் கான்கிரீட் போடும்போது வைத்த சென்ட்ரிங் பலகைத் துண்டு கூட எடுக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு சில தளங்களில் மஞ்சள் ஃபோம் அடித்திருந்தார்கள். கீழ்த்தளத்து ஃபோம் உருகிக் கருகித் தொங்கியது.

இந்த இடத்தில் சில சொற்களை விளக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர், ஹோஸ் ரீல், அலாரம் எல்லாம் தீ வந்தபின் இயங்குபவை. பாசிவ் பாதுகாப்பு என்பது கட்டடத்தின் உடம்பிலேயே இருப்பது. ஸ்லாபும் சுவரும் கட்டடத்தைத் தனித்தனி கம்பார்ட்மென்ட்டுகளாகப் பிரிக்கின்றன. ஒரு கம்பார்ட்மென்ட்டில் பிடித்த தீ குறிப்பிட்ட நிமிடங்கள்வரை அங்கேயே அடைபட்டிருக்க வேண்டும். கேபிளும் குழாயும் அந்தத் தடுப்பைத் துளைக்கும் இடம் பெனிட்ரேஷன். ஸ்லாபின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே நீளமாக ஓடும் இடைவெளி ஜாயின்ட். இவற்றை அடைப்பதுதான் ஃபயர் ஸ்டாப்பிங். பி.வி.சி. குழாய் தீயில் உருகினால் குழாயின் அளவுக்கே ஓட்டை விழும். அதனால் சூட்டில் உப்பி நெரித்து மூடும் இன்டுமெசென்ட் காலர் அதைச் சுற்றி மாட்டப்படுகிறது. ஏ.சி. டக்ட்டுக்கு ஃபயர் டேம்பர், ஷாஃப்ட்டுக்குத் தானே மூடிக்கொள்ளும் ஃபயர் டோர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி, மின்சார ஷாஃப்ட்டின் சுவரும் கதவும் 120 நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. மின்சார ஷாஃப்ட் ஒவ்வொரு தளத்திலும், அந்தத் தளம் எவ்வளவு நேரம் தீயைத் தாங்குமோ அவ்வளவு நேரம் தாங்கும் பொருளால் அடைக்கப்பட வேண்டும் என்கிறது.

விசாரணையில் பில்டர் தரப்புப் பொறியாளர் ஃபோம் டப்பாவின் தரவுத்தாளை நீட்டினார். “இது ஃபயர் ரேட்டட் ஃபோம். எத்தனை மணி நேரம் தாங்கும்னு இதிலேயே இருக்கு சார்” என்றார். அந்தத் தாளை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். சோதனை செய்யப்பட்டது கான்கிரீட்டுக்கு நடுவே உள்ள ஒரு மெல்லிய ஜாயின்ட்டில். கேபிள் இல்லை, டிரே இல்லை, திறப்பும் விரல் அகலம்தான். எங்கள் ஸ்லாபில் இருந்ததோ வேறு. தீ தாங்கும் நேரம் டப்பாவுக்குள் இருக்கும் பொருளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. இன்ன தடிமன் ஸ்லாபில், இன்ன அளவு திறப்பில், இன்ன கேபிள்கள் செல்லும்போது, இன்ன ஆழத்துக்கு நிரப்பினால் என்று முழு அமைப்புக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஐ.எஸ். 12458 என்ற இந்தியத் தரநிலை இப்படிப்பட்ட சோதனைக்கானது. சோதனையில் இரண்டைப் பார்க்கிறார்கள்: சுவாலையும் சூடான வாயுவும் மறுபக்கம் வருகின்றனவா, மறுபக்கத்தின் சூடு வரம்பைத் தாண்டுகிறதா. இந்த அமைப்புக்குச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று ஆணையம் கேட்டது. இல்லை.

அடுத்து, இன்டர்நெட் கேபிள்காரர்கள் துளைத்துவிட்டார்கள் என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்தது. இரண்டு தளங்களில் புதுக் கேபிள் ஃபோமைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் சென்ட்ரிங் பலகை அங்கேயே இருந்ததே, மூன்றாவது தளத்தை எவரும் ஒருபோதும் அடைக்கவே இல்லை என்பதற்குச் சாட்சி. தடையில்லாச் சான்று பற்றிய வாதமும் நிற்கவில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி பம்ப்பை ஓட்டிப் பார்க்கலாம், அலாரத்தை அடித்துப் பார்க்கலாம். பூட்டிய ஷாஃப்ட்டுக்குள் ஒவ்வொரு ஓட்டையையும் அவர் எண்ணிப் பார்த்தார் என்று சான்று சொல்லவில்லை. வேலைத்தரத்துக்கான பொறுப்பைச் சட்டம் பில்டரின் தலையில்தான் வைத்திருக்கிறது.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. எல்லாத் திறப்புகளும் சோதனை செய்யப்பட்ட அமைப்பால் பில்டர் செலவில் அடைக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அடைக்குமுன்னும் பின்னும் படம் எடுத்து, அருகில் லேபிள் ஒட்டி, பதிவேட்டைச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். சங்கத்துக்கும் ஒரு கடமை விதிக்கப்பட்டது: எழுத்து அனுமதியின்றி எந்தக் கேபிள்காரரும் ஷாஃப்ட்டைத் தொடக்கூடாது, துளைத்தால் அன்றே அடைக்க வேண்டும். நியாயமான உத்தரவு அது.

புகை இப்படி மேலேறிக் கொல்வது புதிதல்ல. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் தீ அடித்தளத்தில்தான் பிடித்தது. மேல் மாடிகளில் படுக்கையில் கிடந்த நோயாளிகள் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். சுமார் 90 உயிர்கள். பெருங்களத்தூர் முதல் வண்டலூர் வரை, மேடவாக்கம் முதல் கேளம்பாக்கம் வரை இன்று உயர்மாடிக் கட்டடத்துக்கான 18.30 மீட்டர் வரம்பைத் தாண்டிய கட்டடங்கள் வரிசையாக எழும்புகின்றன. அவற்றில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எட்டாவது, பத்தாவது மாடிகளில் குடியிருக்கிறார்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் அவர்களால் இறங்க முடியாது. அவர்கள் வீட்டுக்குப் புகை போகாமல் இருப்பது மட்டுமே அவர்களுக்குள்ள பாதுகாப்பு.

ஆகவே பொதுப்பகுதிகளைக் கையேற்கும் சங்கங்களுக்குச் சொல்கிறேன். நீச்சல்குளத்தையும் ஜெனரேட்டரையும் பார்த்ததோடு கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் ஷாஃப்ட் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபயர் ஸ்டாப் பதிவேட்டையும் சோதனை அறிக்கைகளையும் கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். 5 ஆண்டு காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் குறையையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.