ஹாட்லியில் எடுபட்டவர்களும் நின்றவர்களும்

வடமராட்சியில் முன்பின் தெரியாத பெடியனைக் கண்டால் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி ஆற்றை பிள்ளை?" அடுத்தது, "எங்கை படிச்சனீர்?" ஹாட்லி என்று பதில் வந்தால் மூன்றாவது கேள்வியும் உண்டு: "ஆற்றை காலம்?" ஆண்டுகளை நாங்கள் அதிபர்களை வைத்து எண்ணினோம். 1943 முதல் 1967 வரை கே. பூரணம்பிள்ளை காலம். நான் அந்தக் காலத்தின் கடைக்கூறு.

பருத்தித்துறைக் கடலுக்குப் பக்கத்தில் 1838இல் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர் வெஸ்லியன் மிசன் பாதிரியார் பீற்றர் பேர்சிவல். ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவரும் அவர்தான். மிசன் செயலாளராக இருந்த மார்ஷல் ஹாட்லியின் பெயர் 1916இல் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வெள்ளைக்காரர் யாரென்று எங்களில் ஒருவரும் விசாரித்ததில்லை. ஆச்சிமார் நெற்றி நிறையத் திருநீறு பூசித்தான் பேரப்பிள்ளைகளை அந்த மிசன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960களில் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. மிசன் போய் அரசாங்கம் வந்தாலும், கரவெட்டி, அல்வாய், புலோலி, வல்வெட்டித்துறைப் பக்கங்களிலிருந்து காலையில் வந்து குவிகிற சைக்கிள்கள் மட்டும் மாறவில்லை.

அந்தச் சைக்கிள்களெல்லாம் ஒரே திசையைப் பார்த்தே ஓடின: கம்பஸ். அட்வான்ஸ் லெவல் மறுமொழி வந்த கிழமையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: "ஆர் ஆர் எடுபட்டது? மெடிசினுக்கு எத்தனை? எஞ்சினியரிங்குக்கு எத்தனை?" தேர்த் திருவிழாவுக்கு அடுத்தபடி ஊர் அதிகம் பேசியது அதைத்தான். கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் ஆய்வு செய்த கணித மேதை சி. ஜே. எலியேசர் எங்கள் பள்ளிப் பிள்ளை. மண்ணியக்கவியலில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோரோடு 1963இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய அ. துரைராசாவும் எங்கள் பிள்ளை. இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் எங்களை உருப்போட வைத்தார்கள்.

இன்று நினைக்கும்போது முன்னால் வருகிறவர்கள் அவர்களல்லர். பௌதிக ஆய்வுகூடத்தில் தராசுப் படிக்கற்களை உப்புக்காற்று தின்றுவிடாமல் பழந்துணியால் துடைத்துத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கிய உதவியாளர் வருகிறார். நாங்கள் எந்தப் பரிசோதனையில் எந்த இடத்தில் பிழைவிடுவோம் என்று அவருக்கு முதலே தெரியும். பள்ளி விட்ட பிறகும், சனி ஞாயிறிலும், ஒரு சதம் வாங்காமல் நுண்கணிதம் படிப்பித்த மாஸ்டர் வருகிறார். எடுபட்டவன் சொல்லிக்கொண்டு போக வந்தால், "சரி, போ. அங்கை போய்ப் படி" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. அடுத்த கிழமை அதே கரும்பலகையில், அடுத்த வகுப்புப் பெடியளுக்கு, அதே முதல் கணக்கு.

1971இல் தரப்படுத்தல் வந்தது. தமிழ்மொழி மாணவருக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தது. முன்பு எடுபடுவதற்குப் போதுமாயிருந்த புள்ளிகளோடு பெடியள் ஒழுங்கைகளில் வெறுமனே நின்றார்கள். அவர்களில் பலர் பிறகு எங்கே போனார்கள் என்பது இலங்கையின் சரித்திரம். 1984 செப்டெம்பரில் பள்ளி நூலகம் தீக்கிரையானது. யாழ்ப்பாண நூலகம் எரிந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பெரிய தீயின் வெளிச்சத்தில் இந்தச் சின்னத் தீ வெளியாருக்குத் தெரியாமல் போயிற்று. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பவுன் விலை. ஜாம் போத்தல் விளக்குக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். அப்போதும் எடுபட்டார்கள். அப்போதும் கரும்பலகைக்கு முன்னால் ஒருவர் நின்றார் என்பதுதான் அதற்குப் பொருள்.

பிள்ளைகளை வெளியே அனுப்புவதில் ஹாட்லிக்கு நிகரில்லை. திரும்பி வருவதற்கு அங்கே பாடம் இருக்கவில்லை. துரைராசா அதைத் தானாகவே படித்துக்கொண்டார் போலும். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர், பெற்றோல் இல்லாத நாட்களில் சைக்கிளில் போய்வந்தார். அவரைப் போல் திரும்பியவர்கள் சிலர். மற்றவர்கள் லண்டன், ரொறொன்ரோ, சிட்னி என்று பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கிறோம். கூட்டத்தில் பேசுகிறவர்கள் எடுபட்டவர்களின் பட்டியலை ஆண்டுவாரியாக ஒப்புவிக்கிறார்கள். பட்டியல் நீளமானது; பெருமைக்கும் குறைவில்லை.

நின்றவர்களின் பட்டியலை யாரும் எழுதவில்லை. அவர்கள் சம்பளத்துக்கு நின்றார்கள், வயோதிபத் தாய் தகப்பனுக்காக நின்றார்கள், போக வழியில்லாமலும் நின்றார்கள். காரணம் எதுவானாலும், நாங்கள் போனது அவர்கள் நின்றதால். அடுத்த கட்டடத்துக்குக் காசு சேர்த்துப் பெயர்ப்பலகை எழுதும்போது, தராசு துடைத்த அந்த மனிதரின் பெயரை யாராவது முன்மொழிந்து பார்க்கட்டும். எந்தக் காலத்துப் பெடியனும் எதிர்க்கமாட்டான்.