தெருமுனை நாடகமும் நாங்களும்

கல்லூரிப் படிப்பினால் விளையும் பயன் யாது என்று பெரியோர் எங்களை வினவுவதுண்டு. பட்டம், பின்னர் உத்தியோகம் என்பதே அவர்கள் எதிர்பார்க்கும் விடை. அவ்விடை தவறன்று. பிழைப்பு நாடித் தலைநகருக்கு வந்த குடும்பங்களுக்குக் கல்வியே கைம்முதல். வீடும் வாசலும் அதனால் அமைந்தவையே. ஆயினும் வகுப்பறைக்கு வெளியே, புல்தரையிலும் படிக்கட்டிலும் நாங்கள் கற்றவையும் உண்டு. அவற்றுள் ஒன்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தில்லிப் பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் கல்லூரிகளில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஓர் ஆரவாரம் இருந்துகொண்டே இருக்கும். மழைக்காலம் முடியும்போது மாணவர் தேர்தல். குளிர் விலகும்போது கலை விழாக்கள். இவை அனைத்திலும் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது தெருமுனை நாடகம். இந்தியில் அதனை 'நுக்கட் நாடக்' என்பர். அதற்கு மேடை இல்லை, திரை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நடிப்பவர் எல்லோரும் ஒரே நிறத்தில் குர்த்தா அணிந்து வட்டமாக நிற்பர். கையில் 'டஃப்லி' என்னும் தோற்கருவி. தோளில் ஒரு துப்பட்டா. அத்துப்பட்டாவே ஒரு கணம் முக்காடு, மறு கணம் கயிறு, அடுத்த கணம் தாயின் கையில் குழந்தை. "ஆவோ, ஆவோ, நாடக் தேக்கோ!" என்று கூவி வழிப்போக்கரை அழைப்பர். அரை மணி நேரத்திற்குள் ஒரு வழக்கை ஊரார் முன் வைத்துவிடுவர்.

நம் தெருக்கூத்தை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. கூத்திலும் தெருவே அரங்கம். கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்குவான். இடையிடையே நாட்டு நடப்பையும் கேலி செய்வான். ஆனால் கூத்து இரவெல்லாம் நடந்து விடியலில் முடியும். பாரதக் கதையைப் பாடும். நுக்கட் நாடகமோ பகல் வெயிலில், அலுவலகம் செல்வோரின் அவசரத்திற்கு நடுவே, அன்றாடச் செய்தியைப் பேசும். தில்லியில் இக்கலையை வளர்த்தவர்களுள் சப்தர் ஹாஷ்மி முதன்மையானவர். இதே பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். 1973-ஆம் ஆண்டில் ஜன நாட்டிய மஞ்ச் என்னும் குழு உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். 1989-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சாஹிபாபாத்தில் தொழிலாளர் முன் நாடகம் நடத்தியபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். அவர் மனைவி மொலயஸ்ரீயும் குழுவினரும் ஜனவரி 4-ஆம் நாள் அதே இடத்திற்குச் சென்று, தடைப்பட்ட நாடகத்தை நடத்தி முடித்தனர். புதிதாகச் சேரும் மாணவர்க்கு மூத்தவர்கள் முதலில் சொல்லும் வரலாறு இதுவே.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எங்கள் கல்லூரி நாடகக் குழுவில் தமிழர் ஐவர் சேர்ந்தோம். எங்களுள் இருவர் தில்லியிலேயே பிறந்தவர்கள். மூவர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். முன்னவருக்குத் தமிழ்ப் பேச்சு வரும், வாசிப்பில் தடுமாற்றம். பின்னவருக்கு இந்தி ஒரு பெரும் மலை. தமிழில் ஒரே ககரத்தால் எழுதுவதை இந்தி நான்கு எழுத்துகளால் எழுதுகிறது. உணவைக் குறிக்கும் சொல்லும் பாட்டைக் குறிக்கும் சொல்லும் எங்கள் காதுக்கு ஒன்றாகவே ஒலித்தன. சேலத்து நண்பர் பசியோடு விடுதிச் சமையற்காரரிடம் உணவு கேட்க, அவர் சிரித்துக்கொண்டே ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். நாள்தோறும் காலை வகுப்புக்கு முன் ஓட்டம், மூச்சுப் பயிற்சி, குரல் பயிற்சி. ஒலிபெருக்கி இன்றி இருநூறு பேருக்குக் கேட்கும்படி பேசத் தொண்டை மட்டும் போதாது. அடிவயிற்றிலிருந்து குரல் எழ வேண்டும். வீட்டில் அதிர்ந்து பேசாதவர் என்று பெயர் பெற்றிருந்த தோழி ஒருத்தியின் குரல் மூன்று மாதத்தில் கல்லூரி வாயில் வரை கேட்டது.

அவ்வாண்டு நாடகத்திற்கு என்ன கருப்பொருள் என்று கூடிப் பேசியபோது ஒருவர் மதராசி கேம்பைப் பற்றிச் சொன்னார். ஜங்புரா அருகே, பாராபுல்லா வடிகாலின் கரையில், தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த குடியிருப்பு அது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என முதலில் கணக்கிடப்பட்டது. மாற்று வீடு நரேலாவில். ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், நகரின் வட எல்லையில். குழுவின் தலைவர் எங்களை நோக்கி, "அங்கே சென்று பேச உங்களால்தான் முடியும்" என்றார். அதுவரை பயிற்சியில் இந்தி வாக்கியங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் ஐவரின் தாய்மொழி அன்று குழுவுக்கு வேண்டியதாயிற்று.

எங்களுள் ஒருவர் இல்லத்தில் பல்லாண்டு வேலை செய்த அம்மையார் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர். விழுப்புரம் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். அவர் வழியாகவே நரேலாவுக்குச் சென்றோம். பேருந்து மாறி மாறிச் செல்ல இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் ஒரு வீட்டின் பாத்திரம் துலக்க வேண்டுமானால் நரேலாவிலிருந்து எப்போது புறப்பட வேண்டும் என்று அந்தப் பயணமே எங்களுக்கு உணர்த்தியது. அவர் நான்கு வீட்டு வேலைகளில் மூன்றை விட்டுவிட்டார். அவர் மகள் தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகள் ஏழு. அவற்றில் ஒன்றும் நரேலாவில் இல்லை. ஆதலால் அந்தப் பெண் ஜங்புராப் பக்கத்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிறுதோறும் தாயைக் காண வருகிறாள்.

நாங்கள் எழுதிக் கொண்டுபோயிருந்த நாடகத்தின் சுருக்கத்தை அம்மையாரிடம் சொன்னோம். அதில் ஒரு தாய் இடிபாடுகளின் நடுவே தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, எங்கள அழுவுற மாதிரி காட்டாதீங்க. அன்னிக்கும் நாங்க வேலைக்குப் போனோம். சாமான ரோட்ல வச்சிட்டு, பொண்ண காவலுக்கு உக்கார வச்சிட்டு, நாலு வீடும் முடிச்சிட்டுத்தான் வந்தேன். அதக் காட்டுங்க."

திரும்பி வரும் வழியில் எவரும் அதிகம் பேசவில்லை.

பின்னர் குழுவில் பெரும் விவாதம் எழுந்தது. நாடகத்தில் கொடுமைக்கார அதிகாரி ஒருவனைப் படைத்துவிட்டால் கைதட்டல் எளிதில் கிடைக்கும் என்றனர் சிலர். ஆனால் வடிகால் அடைபட்டு மழைநீர் தேங்குவதே ஆணைக்குச் சொல்லப்பட்ட காரணம். வெள்ளம் புகும் வீடுகளில் வாழ்வோரும் மக்களே அல்லவா? இரண்டு நியாயங்களையும் வட்டத்தின் நடுவே நிறுத்துவது என்று முடிவாயிற்று. 'நீர் வழிய வேண்டும்; மனிதர் எங்கே வழிவது?' என்ற கேள்வியே நாடகத்தின் அச்சாணியாயிற்று. அழும் தாய் போனாள். அவள் இடத்தில், சாலையில் கிடக்கும் சாமான்களைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நான்கு வீடு ஏறி இறங்கும் ஒருத்தி வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அவளை ஒரே கேள்வி கேட்பர்: "இன்று ஏன் தாமதம்?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. பெண்ணிடம் விடைபெறும்போது தாய் பேசும் சொற்கள் தமிழில் இருந்தன. பார்ப்பவருக்குப் புரியாதே, இந்தியில் மாற்றிவிடலாமா என்று நாங்களே கேட்டோம். தலைவர் பீகாரைச் சேர்ந்தவர். அவர் தந்தை சூரத்தில் நெசவாலைத் தொழிலாளி. "மாற்ற வேண்டாம். என் தாய் மைதிலியில் பேசினால் இந்த ஊரில் யாருக்குப் புரிகிறது? ஆனால் மகனுக்கு விடை கொடுக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்" என்றார். அவ்வரிகள் தமிழிலேயே நின்றன.

பிப்ரவரியில் தொடங்கிப் பல கல்லூரிகளில் அந்நாடகத்தை நடித்தோம். பரிசு எங்கும் கிட்டவில்லை. கொடியவன் இல்லாத நாடகம் சற்றுக் குளிர்ந்திருந்தது என்று ஒரு நடுவர் குறிப்பிட்டார். ஆனால் தமிழ் வரிகள் வரும் இடத்தில் டஃப்லி ஓய்ந்து, கூட்டமும் ஓய்ந்ததை ஒவ்வொரு முறையும் கண்டோம். ஒரு கல்லூரியில் நாடகம் முடிந்ததும் வாயிற்காவலர் ஒருவர் எங்களிடம் வந்தார். தாம் ஒடிசாவிலிருந்து வந்தவர் என்றும், அந்த அம்மாவுக்குப் பிறகு வேலை கிடைத்ததா என்றும் கேட்டார். நரேலாவிலேயே ஒரு தொழிற்கூடத்தில் சேர்ந்திருக்கிறார் என்று சொன்னோம். நிம்மதியோடு தலையசைத்துவிட்டுச் சென்றார்.

இந்த ஓராண்டில் எங்கள் இந்தி திருந்தியது, குரல் உரத்தது, கூட்டத்தின் நடுவே நிற்கும் கூச்சம் நீங்கியது. இவற்றை எந்த நாடகக் குழுவும் கற்றுத் தந்திருக்கும். பிறர் துயரத்தைச் சொல்லப் புகுமுன் அவர்களிடம் கேட்க வேண்டும் என்பதை நரேலாவில்தான் கற்றோம். தலைநகர்த் தமிழர் என்ற சொல்லுக்குள் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவரும் உண்டு, வடிகால் கரையில் வளர்ந்தவரும் உண்டு. இரு சாராரும் ஒரே சமையலறையில் ஒரே மொழியில் நாள்தோறும் பேசிக்கொண்டவர்கள்தாம்.

எங்களுள் இருவர் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நரேலா சென்று சிறுவர்க்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கின்றனர். தில்லியில் பிறந்து வாசிப்பில் தடுமாறிய நண்பர் அவர்களுள் ஒருவர். கற்பிப்பதற்காகவே முந்தின நாள் இரவு பாடத்தைப் படித்துக்கொண்டு போகிறார். பன்னிரண்டு பிள்ளைகள் வருகின்றனர். புத்தகங்கள் போதவில்லை. தம் மக்கள் படித்து முடித்த முதல் ஐந்து வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களை வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால், நாங்கள் வந்து பெற்றுக்கொள்வோம். அட்டை கிழிந்திருந்தாலும் குற்றமில்லை. உள்ளே பக்கங்கள் இருந்தால் போதும்.