சின்ன காஞ்சிபுரத்தில் இறங்குங்கள்

இந்தியாவுக்கு முதல்முறை வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு பெரிய நாட்டை எங்கே ஆரம்பிப்பது? பயண ஏற்பாட்டாளர்கள் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று ஒரு முக்கோணம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் வாரணாசி, கேரளத்துப் படகுவீடு. அப்படி ஓடி ஓடிப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களின் முகத்தில் களைப்பைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து நாலு வார்த்தை பேச அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லையே என்று வருத்தமாக இருக்கும்.

நான் சொல்வது ஒரே இடம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கிழக்கே சின்ன காஞ்சிபுரம் போய்விடுங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமாக ஓர் அறை எடுத்து மூன்று நாலு நாள் தங்குங்கள். வேறெங்கும் போக வேண்டாம். நாடு அந்தத் தெருக்களுக்கு வந்து போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த நாட்டை வெளியாருக்கு அறிமுகம் செய்த பயணிகளில் மிகப் பெரியவர் யுவான் சுவாங். அவருடைய பயண நூலின் இரண்டாம் பகுதி இந்தியாவுக்கான முன்னுரையோடுதான் தொடங்குகிறது. இந்த நாட்டின் பெயர், அளவைகள், பருவங்கள், வீடு, உடை, சாப்பாடு, மொழி, தண்டனை முறை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஊர் ஊராக நகர்கிறார். ஏறத்தாழ 640ஆம் ஆண்டில் காஞ்சிக்கு வந்தபோது நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் எண்பது தேவர் கோயில்களும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். சமணர்களும் நிறைய இருந்தார்கள். நாளந்தாவின் தலைவராக விளங்கிய தர்மபாலர் பிறந்த ஊர் இது. இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற நினைத்திருந்தார் யுவான் சுவாங். பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் தப்பி அங்கிருந்து வந்த பிக்குகளைக் காஞ்சியிலேயே பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். தூரதேசத்துச் சேதி 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊருக்கு நடந்து வந்திருக்கிறது.

அந்த மடங்களில் எதுவும் இன்று இல்லை. ஊருக்குள் அங்கங்கே கிடைத்த புத்தர் சிலைகள்தான் மிச்சம். சமணக் காஞ்சி மட்டும் வேகவதி ஆற்றுக்கு அக்கரையில், திருப்பருத்திக்குன்றத்தில், ஓவியங்களோடு உயிருடன் இருக்கிறது. அங்கே 1387இல் சங்கீத மண்டபம் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். போகிற வழியில் வேகவதியைப் பார்க்க நேரும். சாக்கடையாகிப்போன அந்த ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

சின்ன காஞ்சிபுரத்தில் முதலில் போக வேண்டியது ஒரு தறி வீட்டுக்கு. நான் போகும் வீட்டில் கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருக்கிறது. குழியில் காலை விட்டுக்கொண்டு நெசவாளர் உட்கார்ந்திருப்பார். வலது கோடியில் அவர் மனைவி. அன்று தறியில் இருந்தது மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையுமாக ஒரு கோர்வைச் சேலை. இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, உடலுக்கு ஒரு நாடா, ஆக மூன்று. உடல் நாடா இந்தக் கோடியிலிருந்து போய்க் கரையின் விளிம்பில் நிற்கும். அங்கே அரக்கு இழையும் மஞ்சள் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டதும் இருவரும் அவரவர் கரை நாடாவைத் தள்ளுவார்கள். பிறகு அச்சை இழுத்து ஓர் அடி. ஒரு பக்கத்தில் இழை தளர்ந்தால் கரை நெளிந்துவிடும். அந்த அம்மாளின் கண் நாடாவில் இல்லை, அந்த விளிம்பில்தான் இருந்தது. முந்தானை வரும்போது இன்னும் கடினம். முந்தானைக்கு வேறு நிறப் பாவு. பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய இழையைக் கையாலேயே பிணைக்க வேண்டும். அதற்குப் பெட்னி என்று பெயர். அந்த வரியைத் தடவிப் பார்த்தால் சின்ன மேடு தட்டுப்படும். நல்ல சேலை வாங்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். இன்று பல தறிகளில் இதெல்லாம் இல்லாமலே சேலை இறங்குகிறது, நேரம் மிச்சமாகிறது என்பதற்காக.

அந்தப் பட்டு எங்கிருந்து வந்தது? காஞ்சிபுரத்தைச் சுற்றி மல்பெரித் தோட்டம் எதையும் பார்க்க முடியாது. கூடு ராமநகரச் சந்தையிலோ சித்லகட்டாச் சந்தையிலோ விலைபோய், கர்நாடகத்தில் நூலாகி வருகிறது. சிவப்புப் பட்டு இழைமேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசிய ஜரிகை காலங்காலமாகச் சூரத்திலிருந்து வருவது. காஞ்சியிலேயே அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலை வந்தபிறகும் சூரத் தொடர்பு அறுந்துவிடவில்லை. நெய்கிறவர்களிலும் தமிழ் பேசும் செங்குந்தர்கள் உண்டு; தேவாங்கர், பத்மசாலியர் என்று தெலுங்கும் கன்னடமும் கொண்டுவந்தவர்களும் உண்டு. நான் சொன்ன வீட்டில், "உக்காருங்க சார், காப்பி சாப்பிடுங்க" என்று என்னிடம் தமிழ். மனைவியிடம் தெலுங்கு. நூல்காரர் போன் செய்தால் அவர் வாயில் கன்னடம் வந்துவிடும். மூன்றுக்கும் நடுவில் அவர் ஒருமுறைகூடத் தடுமாறி நான் பார்த்ததில்லை. பல மொழி பேசும் நாடு என்று புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும், ஒரு மனிதர் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் மூன்று மொழியில் வாழ்ந்துவிட்டுத் தறிக்குத் திரும்புவதைப் பார்ப்பதற்கு ஈடாகாது.

அவருடைய மகன் தறியில் உட்காரவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஏறிப் போய்விட்டு வருகிறான். இது அந்த ஒரு வீட்டின் கதையும் இல்லை. நெசவுத் தெருக்களில் பல பிள்ளைகள் இப்போது அந்த மாதிரி வேனில்தான் இருக்கிறார்கள். சேலைக் கூலியையும் மாதச் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவன் ஒருநாள் உடன் வேலை பார்க்கும் ஒடிசா இளைஞனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்திருந்தான். பர்கட் பக்கத்துப் பையன். தறியைக் கண்டதும் செருப்பை வெளியே விட்டுவிட்டு நேரே குழியருகே போய்க் குந்திக்கொண்டான். அவன் பெரியம்மா வீட்டிலும் தறி. சம்பல்பூர்ச் சேலை நெய்கிறவர்கள். அங்கே நூலையே முடிச்சுப் போட்டுக் கட்டிச் சாயம் தோய்த்து, நெய்யும்போது படம் தானாக விழும்படி செய்வார்கள். ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை, கொஞ்சம் இந்தி, மீதியெல்லாம் விரல். நெசவாளரும் அவனும் அரைமணி நேரம் பேசினார்கள்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் காஞ்சி தெரியும்" என்றான் அவன், சாப்பிடும்போது. "எதுனால தம்பி, பட்டா?" என்றார் அந்த அம்மாள். பட்டு இல்லை, கதை. 15ஆம் நூற்றாண்டில் ஒடிசாவை ஆண்டவன் புருஷோத்தம தேவன். காஞ்சி இளவரசி பத்மாவதியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பூரி ரத யாத்திரையில் அரசன் தேர்முன் துடைப்பம் பிடித்துப் பெருக்குவது மரபு. அதைக் கேள்விப்பட்ட காஞ்சி மன்னன், தெருக்கூட்டுகிறவனுக்கா என் மகள் என்று மறுத்துவிட்டான். போர் மூண்டது. ஜெகந்நாதரும் பலபத்திரரும் கறுப்புக் குதிரையிலும் வெள்ளைக் குதிரையிலும் படைக்கு முன்னே போனார்கள். வழியில் மாணிக்கம் என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கிக் குடித்து, பின்னால் வரும் அரசன் காசு தருவான் என்று மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிறைபிடித்த இளவரசியை ஒரு துடைப்பக்காரனுக்கே கட்டிவை என்று அரசன் உத்தரவு போட்டான். மந்திரி அடுத்த ரத யாத்திரைவரை காத்திருந்து, தேர்முன் பெருக்கிக்கொண்டிருந்த அரசனிடமே அவளை ஒப்படைத்தான்.

ஒடிசாவில் குழந்தைகள்வரை தெரிந்த இந்தக் கதையைக் காஞ்சிபுரத்தில் நான் விசாரித்த யாரும் கேள்விப்பட்டதே இல்லை. "எங்க ஊர்ப் பொண்ணா அந்தப் பக்கம் மருமக?" என்று அந்த அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பையனுக்கு இன்னொரு கரண்டி தயிர் போட்டார்.

வரதராஜர் கோயிலுக்குப் போகும்போது நூற்றுக்கால் மண்டபத்தையும் மூலைகளில் தொங்கும் கல் சங்கிலியையும் எல்லோரும் காட்டுவார்கள். நான் சுவர்களைப் பார்க்கச் சொல்வேன். சோழர், தெலுங்குச் சோடர், ஹொய்சளர், சம்புவராயர், விஜயநகரத்தார் என்று ஆண்டவர்களின் கல்வெட்டுகள் தமிழிலும் வடமொழியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நிறைந்து கிடக்கின்றன. தாயார் சன்னதி முன்னால் இருக்கும் 1710ஆம் ஆண்டுக் கல்வெட்டு எனக்கு மிகவும் பிடித்தது. முகலாயப் படைக்கு அஞ்சி உற்சவமூர்த்தியை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். ஆபத்து நீங்கியபின் அங்கிருந்த பாளையக்காரர் திருப்பித்தர மனமில்லாமல் இருந்தார். அவரிடமிருந்து பெருமாளை மீட்டுக் காஞ்சிக்குக் கொண்டுவந்தவர் லாலா தோடர்மால். வடக்கிலிருந்து வந்து, ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் அதிகாரியாக இருந்தவர். மூர்த்தியை மறைக்கக் காரணம் ஒரு முஸ்லிம் அரசின் படை. திரும்பி வரத் துணைநின்றவர் ஒரு முஸ்லிம் நவாபின் அதிகாரி. இந்த நாட்டின் வரலாற்றை இரண்டு நிறத்தில் மட்டும் எழுதிக்காட்ட நினைக்கிறவர்களை அந்தக் கல்லின் முன்னால் கூட்டிவந்து நிறுத்த ஆசைப்படுகிறேன்.

இதையெல்லாம் சொன்னால் ஒற்றுமை, சமரசம் என்று விருந்தாளிகள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். அப்போது வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையிலான வழக்கைச் சொல்வேன். இதே கோயிலில் பெருமாள் முன் பிரபந்தம் ஓதும் உரிமை யாருக்கு, எந்த ஆசாரியருடைய வாழ்த்து முதலில் என்ற தகராறு நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றப் படி ஏறி இறங்கியிருக்கிறது. இருவருக்கும் ராமானுஜரே குரு. இருவருக்கும் இதே வரதன்தான் பெருமாள். வழக்கு ஒருபக்கம் நடக்க, கருட சேவையன்று அதே வீதியில் இரண்டு நாமக்காரர்களும் குடைக்குப் பின்னால் நடக்கிறார்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திமரத் திருமேனியான அத்திவரதர் வெளியே எழுந்தருளியபோது, ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தச் சின்ன ஊருக்கு வந்து போனார்கள் என்று கணக்கிட்டார்கள். தண்ணீரும் மோரும் கொடுத்த கைகளில் எந்தக் கலை என்று யாரும் பார்க்கவில்லை. தீராத சண்டைகளோடு சேர்ந்து வாழப் பழகிய நாடு இது. அதைச் சொல்லாமல் இதை அறிமுகம் செய்தால் அது பாதி அறிமுகம்தான்.

சண்டை என்றதும் அண்ணாவைச் சொல்லாமல் முடியாது. 1909இல் இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாழ்ந்த எளிய வீடு சின்ன காஞ்சிபுரத்தில் நினைவில்லமாக இருக்கிறது. 'திராவிட நாடு' இதழை 1942இல் தொடங்கியதும் காஞ்சிபுரத்திலிருந்துதான். 1962இல் சொந்த ஊரிலேயே சட்டமன்றத் தேர்தலில் தோற்று, மாநிலங்களவைக்குப் போனார். தன் முதல் உரையிலேயே தன்னைத் திராவிடன் என்று அறிவித்து, தென்னாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். அதே உரையில் வங்காளியிடமோ மராட்டியரிடமோ தனக்குப் பகையில்லை என்பதையும் தெளிவாக்கினார். சீனப் போருக்கும், பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்த 1963 அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் பிறகு அவருடைய தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் முதலமைச்சராகி, 1969 ஜனவரியில் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரை வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதமே மறைந்தார்.

வெளிநாட்டு நண்பர்களை நான் அந்த வீட்டுக்கு அழைத்துப் போவது இதற்காகத்தான். இந்த நாடு என்னை எப்படி நடத்த வேண்டும் என்று ஒருவர் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்க முடிந்தது. கேட்டவர் ஆட்சிக்கும் வந்தார். பெரிய நாடு நிலைப்பதற்குப் பட்டாளம் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்கவும் மறுக்கவும் மறுபடி உட்கார்ந்து பேசவும் இடம் இருந்ததுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த இடம் சுருங்கும் ஒவ்வொரு சமயமும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுத்தவர்களின் கதை இந்த ஊரில் பழையது; அதற்காகத் திருவெஃகாவில் யதோத்தகாரி கோயிலையும் பார்த்துவிடுங்கள். தன்னைப் பாடச் சொன்ன பல்லவ மன்னனிடம் திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன் மறுத்துவிட்டான் என்பது தலக்கதை. நாடு கடத்தினார்கள். குருவான ஆழ்வாரும் கூடவே கிளம்பி, பெருமாளையும் வரச் சொல்ல, அவர் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஊர் இருண்டது. மன்னன் ஓடிப்போய்க் காலில் விழுந்து மூவரையும் அழைத்து வந்தான். திரும்பி வந்த பெருமாள் மற்றத் தலங்களில் படுப்பதற்கு எதிர்த்திசையில் தலைவைத்துப் படுத்தார். இன்றும் அப்படியேதான் சேவை சாதிக்கிறார்.

இவ்வளவும் பார்த்தபின் மேற்கொண்டு பயணம் போக நாள் இருந்தால், பட்டின் வழியே போங்கள். பெங்களூருப் பேருந்து ஏறினால் சித்லகட்டா பக்கம்தான். கூடுச் சந்தையைப் பார்க்கலாம். ராமானுஜர் வழியே போகிறவர்களுக்கு ஸ்ரீரங்கமும் மேல்கோட்டையும் இருக்கின்றன. நான் அடுத்ததாக ஒடிசா போகிறேன். சிலிகா ஏரிப் பக்கம் தயிர்க்காரி மாணிக்கத்தின் பெயரில் மாணிக்கபட்னா என்று ஓர் ஊர் இருக்கிறது. தறி வீட்டு அம்மாள், "அங்க போனா நம்ம பொண்ணு நல்லா இருந்தாளான்னு விசாரிச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.